சர்வீசுக்குப் போய் வந்த வண்டி: நாம் வைத்த செட்டிங் எங்கே போயிற்று?



இந்தப் பக்கங்களில் வழக்கமாக வரி, லைசென்ஸ், தராசு முத்திரை, சரக்கு வரத்து ஆகியவற்றைப் பற்றித்தான் எழுதி வருகிறோம். இம்முறை வண்டியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பலசரக்குக் கடைக்காரருக்கும் காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது, முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கைவிட்டுப் போகும் வரையில்.

ஆர்.கே.பேட்டையில் நாங்கள் மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். வாரத்தில் இரண்டு நாள் வசூல் உண்டு. ஒரு நாள் அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று சுற்றி வருவோம். மற்றொரு நாள் சோளிங்கர் பக்கம். வசூலுக்குப் போவது லோடு வண்டி அல்ல, வீட்டுக் கார். அந்தக் காரை வாங்கிய புதிதில் எங்கள் இளைய மகன் விவரம் தெரிந்த ஒரு பையனிடம் கொண்டுபோய், வண்டி நகர ஆரம்பித்தவுடன் நான்கு கதவும் தானாகவே பூட்டிக்கொள்ளும்படி செய்து வைத்திருந்தான். அந்த வசதி வண்டியிலேயே இருந்தது, கம்பெனியிலிருந்து வரும்போது அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். சாவியை ஒரு தடவை அழுத்தினால் டிரைவர் பக்கக் கதவு மட்டும் திறக்கும்படியும் செய்திருந்தான். பணப்பையோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இவை எவ்வளவு ஒத்தாசை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சமயம் அந்த வண்டியை வழக்கமான சர்வீசுக்கு விட்டோம். மாலையில் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். பில்லில் ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் போட்டுக் கடைசி வரியில் ‘சாஃப்ட்வேர் அப்டேட், கட்டணம் இல்லை’ என்று இருந்தது. கட்டணம் இல்லை என்பதைப் படித்துவிட்டு மகிழ்ச்சியோடு வந்துவிட்டோம்.

எட்டாம் நாள் சோளிங்கர் வசூலை முடித்துக்கொண்டு இருட்டும் நேரத்தில் மகன் திரும்பி வந்துகொண்டிருந்தான். ஓரிடத்தில் சாலை வேலை நடந்ததால் வண்டிகள் வரிசையாக ஊர்ந்தன. பின்பக்க இடது கதவு திறந்தது, பையை எடுத்தது, கதவு மூடியது எல்லாம் ஒரு மூச்சில் நடந்துவிட்டது. கதவு பூட்டியிருக்கிறது என்ற நினைப்பிலேயே அவன் இருந்தான். பணம் மட்டும் போயிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்போம். பையில் வசூல் நோட்டும் இருந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில்தான். போலீசில் எழுதிக் கொடுத்தோம். மூன்று நாள் கழித்து நோட்டு மட்டும் ஒரு கால்வாய் ஓரத்தில் கிடைத்தது, நனைந்து ஊறிப்போய். அதற்குள் ஒவ்வொரு கடையாகப் போய்க் கேட்டுவிட்டிருந்தோம். ஒருவர்கூடக் கொடுக்காததைக் கொடுத்ததாகச் சொல்லவில்லை. நோட்டைக் காயவைத்து ஒத்துப் பார்த்தபோது ஒரு கடையில் நூற்றைம்பது ரூபாய் வித்தியாசம் இருந்தது, அதுவும் அவர் குறைத்துச் சொன்னதால் வந்தது. நம் தொழிலில் இப்படிப்பட்ட மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை இங்கே பதிவு செய்ய ஆசைப்படுகிறோம்.

வொர்க்ஷாப்புக்குப் போய்க் கேட்டோம். அங்கிருந்த தம்பி பொறுமையாகவே பதில் சொன்னார். “சார், அப்டேட் போட்டால் எல்லாம் கம்பெனி செட்டிங்குக்கு வந்துவிடும். நீங்கள் மாற்றி வைத்திருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?” அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதைப் பிறகு நான்கு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அதையே இங்கே எழுதுகிறோம்.

முதலில் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். இன்றைய காரில் ஒரு கம்ப்யூட்டர் அல்ல, பல உண்டு. இஞ்சினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவு, விளக்கு, வைப்பர் ஆகியவற்றுக்கு ஒன்று, முன்னால் இருக்கும் பாட்டுப் பெட்டித் திரைக்கு ஒன்று என்று தனித்தனிப் பெட்டிகளாக ஆங்காங்கே ஒளிந்திருக்கின்றன. இவை எல்லாம் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டிரைவரின் முழங்காலுக்கு அருகில் ஒரு சாக்கெட் இருக்கும். வொர்க்ஷாப்பில் ஒயரைச் செருகுவது அதில்தான். இரண்டு ரூபாய்ப் பேனா மூடியைத் தொலைத்தால் தேடுகிற நாம், லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வண்டியில் அந்தச் சாக்கெட் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு வகையான சமாச்சாரம் உண்டு. ஒன்று வேலை செய்யும் முறை, அதாவது புரோகிராம். மற்றொன்று அந்த வண்டிக்கு உரிய விவரங்கள். இந்த வண்டியில் பனி விளக்கு உண்டா, கதவு தானாகப் பூட்ட வேண்டுமா, சீட் பெல்ட் போடாவிட்டால் எவ்வளவு நேரம் மணி அடிக்க வேண்டும், இண்டிகேட்டரை லேசாகத் தொட்டால் எத்தனை தடவை மின்ன வேண்டும் என்பனவெல்லாம் அந்த விவரத்தில் அடங்கும்.

நம் பாஷையில் சொல்வதானால், பேரேட்டில் கோடு போட்டுத் தலைப்பு அச்சடித்திருப்பது புரோகிராம். அதில் நாம் எழுதும் பற்று வரவு விவரங்கள் இரண்டாவது. புது வருஷத்துக்குப் புதுப் பேரேடு போடுகிறோம். பழைய பேரேட்டில் இருந்த நிலுவையைப் புதியதில் ‘முன் பாக்கி’ என்று கொண்டுவந்தால்தான் கணக்கு தொடரும். கொண்டுவராமல் புதுப் பேரேட்டைத் திறந்துவிட்டால் கடன்காரர் எல்லாரும் ஒரே இரவில் பாக்கி இல்லாதவர்களாகிவிடுவார்கள். வொர்க்ஷாப்பில் நடந்தது இதுதான். புதுப் பேரேடு போட்டார்கள், முன் பாக்கியைக் கொண்டுவரவில்லை.

எப்போதும் இப்படி ஆகுமா என்றால் இல்லை. புதிய புரோகிராமில் தலைப்புகள் பழையபடியே இருந்தால், விவரங்கள் இருக்கும் பகுதியை அது தொடாமல் விட்டுவிடலாம். செட்டிங் எல்லாம் அப்படியே இருக்கும். தலைப்பு மாறியிருந்தால் பழைய விவரம் பொருந்தாது. அப்போது வொர்க்ஷாப் கருவி, வண்டியின் பதினேழு எழுத்துச் சேசிஸ் நம்பரை வைத்துக் கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கேட்டு, அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்ன விவரம் இருந்ததோ அதை எழுதிவிடும். அதற்குப் பிறகு வெளியில் நாம் மாற்றியது கம்பெனிக் கணக்கிலேயே இல்லையாகையால் அது திரும்பி வர வழியில்லை. சில கருவிகள் அப்டேட்டுக்கு முன் பழைய விவரத்தைப் படித்து வைத்துக்கொண்டு, முடிந்தவுடன் திரும்ப எழுதும். எந்த வண்டியில் எது நடக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

எங்கள் தகப்பனார் சொல்லும் ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வருகிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பகுதி ஆந்திராவிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தபோது மண்ணும் மலையும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆபீசுகள்தான் மாறின. பழைய ரசீதையும் நகலையும் பத்திரமாக வைத்திருந்தவர்கள் புது ஆபீசில் காட்டி வேலையை முடித்துக்கொண்டார்கள். வைத்திராதவர்கள் அலைந்தார்கள். வண்டி அப்டேட்டுக்கும் கையில் நகல் வைத்திருப்பதே வழி.

இனி, மாற்றலாம் என்பது எது, மாற்றக் கூடாது என்பது எது என்ற கேள்வி. இதில் நம்மவர்களில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கடையில் எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறோம். அதில் விளக்கு எவ்வளவு வெளிச்சமாக எரிய வேண்டும், எத்தனை நிமிஷத்தில் தானாக அணைய வேண்டும் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரு கிலோ என்பது எவ்வளவு என்று தராசுக்குச் சொல்லும் இடம் முத்திரைக்குள் இருக்கிறது. அதைத் தொட்டால் சட்டப்படி குற்றம். வண்டியும் அப்படியே. கதவுப் பூட்டு, விளக்கு அணையும் நேரம், திரையின் மொழி, கண்ணாடி மடிவது போன்றவை நம் விருப்பம். இஞ்சினின் சக்தி, புகைக் கட்டுப்பாடு, வேக வரம்பு ஆகியவை முத்திரைக்குள் இருப்பவை.

இஞ்சின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி இழுவையைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகை வடிகட்டி, அது சம்பந்தமான சென்சார்கள் என்று நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றால் தொந்தரவு வரும்போது ‘கம்ப்யூட்டரில் அதை அணைத்துவிடலாம்’ என்று யோசனை சொல்கிறவர்களும் உண்டு. நாங்கள் அதற்கு உடன்பட மாட்டோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை அனுமதியின்றி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட பிறகு 182ஏ பிரிவின்படி சொந்தக்காரருக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் உண்டு. டிரைவர் செய்தான், எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை.

லோடு வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதி 118-இன்படி சரக்கு வண்டிகளுக்கு மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற வரம்பு வைத்துத்தான் இப்போது கம்பெனியிலிருந்தே வருகின்றன. டேங்கர், டம்பர், பள்ளி பஸ் ஆகியவற்றுக்கு இன்னும் குறைவு, 60. எங்கள் லோடு வண்டி டிரைவர் ஒரு நாள் வந்து, “முதலாளி, மூவாயிரம் கொடுத்தால் எண்பதை எடுத்துவிடுவார்களாம், குண்டூர் மிளகாய் லோடுக்குப் போனால் இரண்டு மணி நேரம் மிச்சம்” என்றார். இரண்டு மணி நேரம் மிச்சமானால் அதில் என்ன செய்யப் போகிறோம் என்று கேட்டோம், பதில் இல்லை. விபத்து என்று ஒன்று நடந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்பதற்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும். அதுவும் தவிர, அடுத்த சர்வீசில் அப்டேட் போட்டால் எண்பது திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், மூவாயிரம் வீண்.

இப்படி வெளியில் செய்த மாற்றம் அப்டேட்டால் அழிந்துபோவதற்கு நம் நாட்டிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்கள் அகப்பட்டன. புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் அதை உணர்ந்து நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்படியும், சாலையில் ஓடும்போது வேறு விதமாக ஓடும்படியும் இஞ்சின் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆர்.டி.ஓ. ஆபீசர் வரும்போது மட்டும் டார்பாலினைச் சரியாகக் கட்டும் லாரிக்காரரை நாம் பார்த்திருக்கிறோம். அதை ஒரு பெரிய கம்பெனி கம்ப்யூட்டரைக் கொண்டு செய்திருந்தது.

இந்தியாவில் 2015 டிசம்பரில் 3,23,700 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தார்கள். இதில் ஃபோக்ஸ்வாகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. 1.2, 1.5, 1.6, 2.0 லிட்டர் டீசல் இஞ்சின்கள். வண்டியை டீலரிடம் கொண்டுவந்து இஞ்சின் கம்ப்யூட்டரில் புதிய புரோகிராம் எழுதுவதுதான் அதற்கு அவர்கள் வைத்த பரிகாரம். இங்கே நம் விஷயத்துக்கு வருவோம். இந்த ரக வண்டிகளில்தான் பையன்கள் மடிக்கணினியையும் ஒயரையும் வைத்துக்கொண்டு கதவு, விளக்கு, ஜன்னல் என்று பலவற்றை மாற்றிக்கொள்ளும் பழக்கம் அதிகம். சிலர் இஞ்சின் கணக்கையே மாற்றி வைத்திருந்தார்கள். இஞ்சின் பெட்டியில் புதிய புரோகிராம் ஏறினால் பழைய கணக்கின் மேல் புதியது எழுதப்படும், மாற்றி வைத்தது போய்விடும். கதவு, விளக்கு சம்பந்தப்பட்ட செட்டிங் வேறு பெட்டியில் இருப்பதால் இஞ்சின் பெட்டியைத் தொடுவதால் அது போக வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே ‘அப்டேட்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டுப் பயப்படுவதும் தவறு, நிம்மதியாக இருப்பதும் தவறு. எந்தப் பெட்டிக்கு அப்டேட் என்று கேட்க வேண்டும். இதுதான் நாங்கள் கேட்கத் தவறிய முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி, இது திரும்ப அழைக்கும் உத்தரவின் பேரில் நடக்கும் அப்டேட்டா, சாதாரண அப்டேட்டா என்பது. பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் போன்ற பாதுகாப்புக் குறைக்காக அழைத்திருந்தால் செட்டிங் போனால் போகிறது என்று போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட மத்திய அரசுக்கே அதிகாரம் இருக்கிறது. பாட்டுப் பெட்டித் திரையில் படம் அழகாகத் தெரிவதற்காக ஒரு அப்டேட் என்றால், “இப்போது வேண்டாம் தம்பி, அடுத்த தடவை பார்க்கலாம்” என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒரு தடவை போட்டபின் பழையதற்குத் திரும்புவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

மூன்றாவதாக, ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். வாய் வார்த்தை வேண்டாம். ‘சொந்தக்காரரைக் கேட்காமல் சாஃப்ட்வேர் அப்டேட் செய்ய வேண்டாம்’ என்று ஒரு வரி, அதன் கீழே அவர்கள் கையெழுத்து. நாம் சரக்கு அனுப்பும்போது டெலிவரி நோட்டில் ‘மூட்டை எண்ணிப் பார்த்துப் பெற்றேன்’ என்று எழுதி வாங்காமல் விடுகிறோமா? லாரி செட்டுக்கு ஒரு நியாயம், வொர்க்ஷாப்புக்கு ஒரு நியாயம் என்று இருக்க வேண்டியதில்லை.

இனி நகல் எடுக்கும் முறை. இதில் இரண்டு வழி இருக்கிறது. நம்மால் ஆகக்கூடிய எளிய வழி, வண்டியின் திரையில் செட்டிங் என்ற இடத்துக்குப் போய் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து கைபேசியில் போட்டோ எடுத்துவிடுவது. பத்து நிமிஷ வேலை. எங்கள் பேத்தி எடுத்துத் தந்தாள், இருபத்திரண்டு படம் வந்தது. திரை இல்லாத வண்டியானால் ஒரு தாளில் எழுத வேண்டும். சாவியை ஒரு தடவை அழுத்தினால் எத்தனை கதவு திறக்கிறது, வண்டி நகர்ந்தால் பூட்டுகிறதா, இஞ்சினை அணைத்தபின் முன்விளக்கு எத்தனை விநாடி எரிகிறது, ஜன்னல் ஒரே தொடுதலில் மேலே போகிறதா, ரிவர்ஸ் போட்டால் கண்ணாடி கீழே சாய்கிறதா என்று சோதித்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கம்ப்யூட்டரின் அப்போதைய வெர்ஷன் நம்பர் திரையில் தெரிந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளவும். வண்டி திரும்பி வரும்போது அந்த நம்பர் மாறியிருந்தால், யாரும் சொல்லாவிட்டாலும் அப்டேட் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கள் பில்லில் அந்த ஒரு வரி இருந்தது, சில இடங்களில் அதுவும் இருக்காது.

இன்னொரு வழி, வெளியில் ஆள் வைத்து மாற்றியவர்களுக்கு. மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பெட்டியில் என்ன எண்வரிசை இருந்தது, மாற்றியபின் என்ன எண்வரிசை இருக்கிறது என்று அவர்கள் கருவி காட்டும். இரண்டையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தர மறுத்தால் அவரிடம் வேலை கொடுக்கக் கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். தையல்காரர் அளவு நோட்டை மறைத்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பது போன்ற காரியம் அது.

இதில் ஒரு எச்சரிக்கை அவசியம். அப்டேட் ஆனபின் பழைய எண்வரிசையை அப்படியே மறுபடியும் எழுதிவிடக் கூடாது. புதிய புரோகிராமில் தலைப்புகள் இடம் மாறியிருக்கலாம். பழைய பேரேட்டில் மூன்றாவது கட்டம் எண்ணெய், நான்காவது கட்டம் பருப்பு என்றிருந்து, புதியதில் மூன்றாவது பருப்பு, நான்காவது எண்ணெய் என்றாகிவிட்டால், பழைய தொகையைக் கட்டம் பார்த்து அப்படியே எழுதினால் என்ன ஆகும்? கதவுக்காக எழுதியது வைப்பருக்குப் போய்ச் சேரும். ஆகையால் எது எது மாற வேண்டுமோ அதை மட்டும் ஒவ்வொன்றாக, பெயரைப் பார்த்து மாற்றச் சொல்ல வேண்டும். ஒன்றை மாற்றியவுடன் சோதித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்படுகிற பையனாக இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து நிதானமாகச் செய்யச் சொல்லுங்கள்.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். புரோகிராம் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கிவிட்டால் பெட்டி பாதியில் நின்று உபயோகமில்லாமல் போய்விடக்கூடும். மறுபடி சரிசெய்ய முடியாமல் புதுப் பெட்டி வாங்க நேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கில். நல்ல வொர்க்ஷாப்பில் அந்த நேரம் முழுவதும் பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி வைப்பார்கள். மாட்டினார்களா என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பழைய பேட்டரியாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே கடிகாரம் தவறிப்போவதும், சில வண்டிகளில் ஜன்னல் ஒரே தொடுதலில் ஏறாமல் போவதும் உண்டு. இதை அப்டேட்டின் கோளாறு என்று சண்டை போட வேண்டாம். பல வண்டிகளில் ஜன்னலை முழுக்க மேலே ஏற்றிச் சில விநாடிகள் பட்டனை அழுத்திப் பிடித்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். முறை வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். வண்டியோடு வந்த கையேட்டைப் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்திருப்பவர்கள் அதை எடுத்து டேஷ்போர்டுக்குள் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்போது வொர்க்ஷாப்புக்கே போகாமல், சிம் கார்டு வழியாக வீட்டு வாசலில் நிற்கும்போதே அப்டேட் ஏறும் வண்டிகளும் வந்துவிட்டன. ஓசூரில் தயாராகும் ஏத்தர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தயாராகும் ஓலா மின்சார ஸ்கூட்டர்கள் அப்படிப்பட்டவை. கடைப் பையன்கள் டெலிவரிக்கு இவற்றை ஓட்டுகிறார்கள். இங்கே ஜாப் கார்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. திரையில் ‘அப்டேட் செய்யலாமா’ என்று கேட்கும், பையன் படிக்காமல் சரி என்று தொட்டுவிடுவான். காலையில் கடை திறக்கும் நேரத்தில், டெலிவரிக்கு மூன்று ஆர்டர் காத்திருக்கும்போது அதைத் தொடக் கூடாது என்று சொல்லி வையுங்கள். இரவில் வீட்டில் நிற்கும்போது, சார்ஜ் போதுமான அளவு இருக்கும்போது செய்துகொள்ளலாம். ஐரோப்பிய நாடுகளில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதுக் கார்களுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் பற்றிய தனி விதி கட்டாயமாகியிருக்கிறது. இப்படி ஏறும் அப்டேட் எதற்காக என்று வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் நாட்டிலும் அப்படிச் சொல்லிவிட்டுச் செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கார் இல்லாத கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22-இல் ஜி.எஸ்.டி. விகிதம் மாறியபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய், பிஸ்கட் பதினெட்டிலிருந்து ஐந்துக்கு வந்தன. நெய், வெண்ணெய் பன்னிரண்டிலிருந்து ஐந்துக்கு வந்தன. பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருந்த எல்லோரும் ஒரே வாரத்தில் அப்டேட் போட்டோம். விகிதம் சரியாகத்தான் வந்தது. எங்கள் பக்கத்துக் கடையில் பில்லின் அடியில் தமிழில் வரும்படி வைத்திருந்த இரண்டு வரி காணாமல் போயிற்று. இன்னொருவருக்கு மொத்த விலை, சில்லறை விலை என்று இரண்டு விலை வைத்திருந்ததில் ஒன்றுதான் மிச்சம். சில்லறைக் கடைக்காரர்களுக்கு அன்று காலை முழுவதும் எம்.ஆர்.பி. விலையில் பில் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு வீடு வீடாகப் போன் பேசினார். தட்டில் வைத்த பேக்கப் வேறு, செட்டிங் வேறு. கணக்கைப் பேக்கப் எடுக்கிறோம், பில் எப்படி அச்சாக வேண்டும் என்று வைத்த அமைப்பை எடுப்பதில்லை. ஒரு மாதிரி பில்லை அச்செடுத்துக் கல்லாவில் வைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எங்கள் காருக்கு வருவோம். சென்ற மாதம் மறுபடியும் சர்வீசுக்கு விட்டோம், அதே வொர்க்ஷாப்தான். பதினொரு வரி கொண்ட தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஜாப் கார்டோடு பின் போட்டுக் கொடுத்தோம். கதவு, விளக்கு சம்பந்தப்பட்ட பெட்டிக்கு ஒரு அப்டேட் இருக்கிறது என்று மதியம் போன் செய்து கேட்டார்கள். எதற்காக என்று கேட்டோம். ரிமோட் சாவியில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும் குறைக்காக என்றார்கள். அந்தத் தொந்தரவு எங்களுக்கும் இருந்ததால் போடச் சொன்னோம். மாலையில் போய்த் தாளை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தபோது மூன்று மாறியிருந்தன. தானாகப் பூட்டுவது, ஒற்றைக் கதவு திறப்பது, விளக்கு எரியும் நேரம். முதலிரண்டையும் அந்தத் தம்பியே திரையில் இரண்டு நிமிஷத்தில் திருப்பி வைத்தார். அவை திரையிலேயே இருந்தன என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். வெளியாளுக்குக் கொடுத்த ஆயிரத்தைந்நூறு வீண் செலவு. மூன்றாவது திரையில் இல்லை, எங்களுக்கும் அது முக்கியமில்லை என்று விட்டுவிட்டோம். பிறகு வொர்க்ஷாப் வளாகத்துக்குள்ளேயே வண்டியை ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, நான்கு கதவும் பூட்டும் சத்தத்தைக் கேட்டபிறகு கையெழுத்துப் போட்டோம்.